ஆர்டிடிஒய் போட்டி மேக்ரோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டிடிஒய் என்பது அமெச்சூர் வானொலியில் தட்டச்சு எழுத்துகளை அனுப்பும் முறை. அதன் போட்டிகளில் மற்ற நிலையங்களைத் தொடர்புகொள்ளும்போது ஒரே பொத்தானில் அனுப்ப முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்திதான் மேக்ரோ. நாம் அனுப்பும் செய்தி நம் திரையில் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். இரைச்சலுக்கு நடுவே அதைப் பிடிக்கப் பாடுபடுபவரின் திரையை நினைக்காமல் மேக்ரோ எழுதிவிடுகிறோம். தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நீளம். 45.45 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக 165 மில்லிசெகண்ட் ஆகும். நன்றி, வாழ்த்து என்று 30 எழுத்து கூடினால் 5 நொடி போயிற்று. 500 தொடர்புக்குக் கணக்குப் பாருங்கள், 40 நிமிடத்துக்கு மேல். நன்றி சொல்ல டி, யூ என்ற இரண்டு எழுத்து போதும்.

அடுத்தது, எண்களுக்கு நடுவே கோடு போடுவது. பலரும் விடாப்பிடியாகச் செய்யும் தவறு இது. ஆர்டிடிஒய் பயன்படுத்தும் பாடோ குறியீட்டில் ஓர் எழுத்துக்கு 5 பிட்தான். அதனால் எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த நிலை என்று சொல்ல ஒரு மாற்றுக்குறி முன்னால் போகும். 599-123-123 என்று (599 சிக்னலின் தரம், 123 தொடர்பின் வரிசை எண்) அனுப்பினால் தொடக்கத்தில் ஒரே ஒரு மாற்றுக்குறிதான். அதை இரைச்சல் தின்றுவிட்டால் 599 'டிஓஓ' ஆகும், 123 'க்யூடபிள்யூஈ' ஆகும், கோடுகூட 'ஏ' ஆகிவிடும். எல்லாம் ஒட்டி 11 எழுத்துக் குப்பையாக வரும். கோட்டுக்குப் பதில் இடைவெளி விடுங்கள். இடைவெளிக்குப் பின் எழுத்து நிலைக்குத் திரும்பும் வசதி உங்கள் மென்பொருளில் இயங்கினால், ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் மாற்றுக்குறி புதிதாகப் போகும். ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும். இதற்காகச் செலவாகும் கூடுதல் எழுத்துகளை நான் கொஞ்சமும் யோசிக்காமல் கொடுப்பேன்.

சரி, அந்த 599-ஐ இரண்டு முறை அனுப்புவானேன்? அது எல்லோருக்கும் தெரிந்ததே. இரண்டு முறை போக வேண்டியது வரிசை எண்தான்.

மேக்ரோவின் தொடக்கத்தில் புது வரிக் குறியும் முடிவில் ஓர் இடைவெளியும் வையுங்கள். இல்லாவிட்டால் இரைச்சலில் முளைக்கும் எழுத்து கால்சைனோடு (நிலையத்தின் அடையாளக் குறியீடு) ஒட்டிக்கொள்ளும், மறுமுனையில் இருப்பவர் அதைக் கிளிக் செய்து எடுக்க முடியாது. சிக்யூ, அதாவது யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பின் கடைசியிலும் ஒரு 'சிக்யூ' இருக்கட்டும். பாதியில் அந்த அலைவரிசைக்கு வருபவருக்கு அழைப்பது நீங்கள்தான் என்று அதில்தான் தெரியும்.

ஒருவருடைய சிக்யூவுக்குப் பதில் சொல்லும்போது அவருடைய கால்சைனை அவருக்கே அனுப்பாதீர்கள். உங்களுடையதை இரண்டு முறை அனுப்பினால் போதும்.

அப்புறம், எண்ணைத் திரும்பக் கேட்டால் முழு எக்ஸ்சேஞ்ச் மேக்ரோவையும் (599-உம் வரிசை எண்ணும் சேர்ந்த செய்தி) மறுபடி அழுத்துவது. அவருக்கு விட்டுப்போனது எண் மட்டும்தானே. அதை மட்டும் மூன்று முறை, இடைவெளி விட்டு அனுப்ப ஒரு பொத்தானைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.