நடுப்பக்கக் கட்டுரையைப் பென்சிலோடு படியுங்கள்

இடஒதுக்கீடு போன்ற, சமூகம் இரண்டுபட்டு நிற்கும் விவகாரங்களில் நாளிதழ்க் கட்டுரைகள் நம் மனத்தை மாற்றுவது, எந்த உண்மையை முன்னால் வைக்கின்றன என்பதைப் பொறுத்தே. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடம் தரும் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நிலைத்தது. 'உச்ச நீதிமன்றமே ஏற்றுவிட்டது' என்று தொடங்கும் கட்டுரையும், 'தலைமை நீதிபதியே மாறுபட்ட தீர்ப்பின் பக்கம் நின்றார்' என்று தொடங்கும் கட்டுரையும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் வாசகரை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. ஆகவே, எந்த உண்மை முன்னால் நிற்கிறது என்று கவனியுங்கள். கூடவே, கட்டுரையில் 'நாம்' என்ற சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இதுவே அதிகம் உதவுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் ஒற்றை மாணவரின் கதை வந்தால், அதை நீக்கினாலும் வாதம் நிற்கிறதா என்றும் கவனியுங்கள்.