பிராக்ஹாம்ப்டன் ஆலயத்தைப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், பிராக்ஹாம்ப்டன் என்ற ஊரில் உள்ள அனைத்துப் புனிதர் ஆலயம் கட்டடக் கலைஞர் வில்லியம் லெதபி வடிவமைத்தது, 1901–02இல் கட்டப்பட்டது. வைக்கோல் கூரையைப் பார்த்து இடைக்காலக் கட்டடம் என்று ஏமாறுவதுதான் வழக்கமான தவறு. அந்த வைக்கோலுக்கு அடியில் இருப்பது கான்கிரீட்.

முதலில் வெளியே நின்று சுவரின் உயரத்தைக் கவனியுங்கள்: குட்டையான மணற்கல் சுவர், அதன்மேல் செங்குத்தான கூரை. பிறகு உள்ளே போய், கூர்நுனிக் கல் வளைவுகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். ஏறத்தாழ சுவரின் அடிப்பகுதியிலிருந்தே. வளைவுகளுக்கு இடையே சென்ட்ரிங் அடித்து ஊற்றிய கான்கிரீட்டில் கம்பி கிடையாது. கம்பி இல்லாத கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில் விரிசல் விடும். வளைவு தட்டையாக இருந்தால் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். செங்குத்தாக இருந்தால் பாரம் பெரும்பாலும் நேரே கீழிறங்கும். இந்த வடிவத்துக்குக் காரணம் அழகு மட்டுமல்ல.

வைக்கோலும் வெறும் அலங்காரமில்லை. குளிர்காலத்தில் வெறும் கான்கிரீட்டின் உட்புறம் வியர்க்கும். வைக்கோல் அதைக் கதகதப்பாக வைக்கிறது, மழையையும் வடிக்கிறது.

அவசரமில்லை என்றால் பலிபீடத்துக்கு இருபுறமும் தொங்கும், ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வடிவத்தில் நெய்த தேவதூதர் திரைச்சீலைகளையும், கண்ணாடிக் கலைஞர் கிறிஸ்டோபர் வாலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் பாருங்கள். கண்ணாடிக்குக் காலை வெயில் நல்லது.