பழைய காரைச் சுவரில் சிமெண்ட் அப்பாதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும்போது அடிக்கடி நடக்கும் தப்பு, காரை (சுண்ணாம்புப் பூச்சு) பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்புவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் சிமெண்ட் அப்பிய இடத்துக்கு மேலே உப்பாகப் பூக்கும். செங்கல் விரல் பட்டாலே மாவாக உதிரும்.

முதலில் ஓட்டுக் கூரை ஒழுக்கைச் சரி செய்யுங்கள். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்துங்கள். நன்றாக இருக்கும் பூச்சை எதற்கு உடைப்பது? நீற்றிய சுண்ணாம்பை, அதாவது சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டுத் தணித்ததை, சில வாரமாவது தண்ணீரில் ஊறவிட்டு, 1 பங்குக்கு 3 பங்கு மணல் சேர்க்கலாம். (நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம்.) கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள், மெதுவாக இறுகட்டும்.

அப்புறம், மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைத்துவிடும், இத்தனையும் வீண். வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.