முரட்டு வேடத்தில் நிலைத்து நிற்க: அடி வாங்குவதிலிருந்து தொடங்குங்கள்

முரட்டு வேடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மார்பையும் கையையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். உடம்பு வேண்டியதுதான். ஆனால் திரையில் ஒரு குத்து நம்பும்படி இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது குத்தியவரின் கை அல்ல, வாங்கியவரின் தலை. ஆரம்ப வருடங்களில் கிடைப்பதும் நாயகனிடம் அடி வாங்கும் வேடங்கள்தான். அதனால் முதலில் வாங்கப் பழகுங்கள்.

இன்று எல்லா ஊர் சினிமாவிலும் பழகிப்போன குத்து முறையை 1930-களில் ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்னும் ஸ்டண்ட் கலைஞர் யாக்கிமா கனட்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதன் சாரம் இதுதான்: கேமரா ஒருவரின் தோளுக்குப் பின்னால் இருக்கும், முஷ்டி எதிராளியின் முகத்தைத் தொடாமல் முன்னால் கடந்து போகும், கேமராவின் பார்வையில் கையும் முகமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். இடைவெளி இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை.

இடைவெளியை ஒத்திகையிலேயே அளந்துவிடுங்கள். குத்துபவர் கையை முழுக்க நீட்டி, முன்னங்காலில் எடையைப் போட்டு நிற்கட்டும். அந்த நிலையில் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இருக்க வேண்டும். கையை மடக்கி வைத்து அளப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. டேக்கில் வேகம் கூடும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும், கை அரை அடி கூடுதலாகப் போகும், மூக்கு உடையும். தரையில் இருவரின் கால் வைக்கும் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். மூன்றாவது டேக்குக்குள் இருவரும் அறியாமலே நெருங்கி வந்திருப்பார்கள்.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் இருவர் கண்ணும் சந்திக்க வேண்டும். பிறகு குத்துபவர் கையைப் பின்னால் இழுக்கிறார். இது பார்வையாளருக்கு மிரட்டல், வாங்குபவருக்கு ‘வருகிறேன்’ என்ற அறிவிப்பு. கை முகத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் தலை திரும்புகிறது. வலது கை ஹூக் (பக்கவாட்டில் சுழற்றி வீசும் குத்து) என்றால் முஷ்டி குத்துபவரின் வலமிருந்து இடமாகப் போகும், எனவே வாங்குபவரின் முகம் அவருடைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று பார்வையாளருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்தக் காட்சியை நம்ப மாட்டார்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, வாங்குபவர் கை வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிவிடுவது. முகத்தைப் பாதுகாக்க உடம்பு தானாகச் செய்வது அது, மெதுவாகப் பலமுறை செய்து பார்த்தால் மட்டுமே போகும். இரண்டு, குத்துபவர் பாவம் பார்த்துக் கடைசி நொடியில் கையை நிறுத்துவது. கை முகத்தைக் கடந்து எதிர்த்தோள் வரை ஓடியே தீர வேண்டும். பாதுகாப்பு என்பது தூரத்தில் இருக்கிறது, கையை அடக்குவதில் இல்லை. மூன்று, கேமரா பக்கவாட்டில் இருப்பது. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு சாண் இடைவெளி பட்டவர்த்தனமாகத் தெரியும். அப்போது எத்தனை டேக் எடுத்தாலும் பயனில்லை, ஆங்கிளைத்தான் மாற்ற வேண்டும். தோளுக்குப் பின்னாலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் தூரம் சுருங்கித் தெரியும். அகல லென்ஸ் இடைவெளியைக் கூட்டிக் காட்டும்.

ஒத்திகையைப் பாதி வேகத்தில் தொடங்குங்கள். தொடர்ந்து ஐந்து முறை ஒரே மாதிரி வந்தால் முக்கால் வேகத்துக்குப் போகலாம். படம் பிடிக்கும்போதும் முழு வேகம் வேண்டாம், எடிட்டிங்கும் ஒலியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தலையைக் கழுத்திலிருந்து சொடுக்காமல், தாடை முதலில், பின்பு தோள், பின்பு இடுப்பு என்று அலையாகத் திருப்புங்கள். கழுத்தை மட்டும் சொடுக்குபவர் இருபது டேக் கழித்து மறுநாள் தலையைத் திருப்ப முடியாமல் நிற்பார்.

வயிற்றில் விழும் குத்து வேறு கணக்கு. அங்கே லேசாகத் தொடலாம். சட்டைக்குள் பேட் கட்டியிருக்க வேண்டும், குத்துபவரின் முஷ்டி இறுக்கமில்லாமல் துணியில் பட்டதும் நிற்க வேண்டும். விலா எலும்புக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே என்று இடத்தைக் கைவைத்துக் காட்டிவிடுங்கள். வாங்குபவர் மூச்சை வெளியே விட்டபடி இடுப்பிலிருந்து மடிய வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மடிந்தால் முகம் சிவக்குமே தவிர வலி தெரியாது.

விழும்போது கையை ஊன்றாதீர்கள். மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது அப்படித்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள், முழங்காலை மடக்கித் தரைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு தாழுங்கள், பிறகு ஒரு பக்கப் புட்டத்தில் இறங்கி முதுகின் குறுக்கே உருண்டு போங்கள். நேராக வால் எலும்பில் உட்காருவது மாதக்கணக்கில் படுத்தும். முழங்கால், முழங்கை, இடுப்பு மூன்றிலும் உடைக்குள் பேட் இருக்கட்டும். உங்கள் உயரத்துக்கு மேலிருந்து விழுவது, கண்ணாடி, நெருப்பு, வண்டி எல்லாம் டூப் கலைஞரின் வேலை. அதைக் கொடுத்துவிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நாயகனுக்குக் கையில் அடிபட்டால் மொத்த யூனிட்டும் நிற்கும், உங்களுக்கு அடிபட்டால் உங்கள் இடத்தில் வேறொருவர் நிற்பார்.

துப்பாக்கி விஷயத்தில் தயவு தாட்சண்யமே கூடாது. வெற்றுத் தோட்டாவில் ஈயம் இல்லையே தவிர வெடிமருந்து உண்டு, குழாய் வாயிலிருந்து வரும் வாயுவுக்குக் கொல்லும் சக்தி உண்டு. 1984-ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்பு இடைவெளியில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். மண்டை ஓடு உடைந்து சில நாளில் இறந்தார். 1993-ல் நடிகர் பிராண்டன் லீக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமான தவறு. முந்தைய காட்சிக்குப் போட்ட, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவின் முனை குழாய்க்குள் சிக்கியிருந்தது. அடுத்து வெற்றுத் தோட்டா வெடித்தபோது அந்த முனை நிஜக் குண்டாக வெளியே பாய்ந்து அவரைக் கொன்றது. எனவே ஆயுதப் பொறுப்பாளர் உங்கள் கண் முன்னால் தோட்டா அறையையும் குழாயையும் திறந்து காட்டாமல் கையில் வாங்காதீர்கள். எதிரே நிற்பவரை நேராகக் குறிவைக்காமல் சற்றே விலக்கிப் பிடியுங்கள், கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ‘கட்’ கேட்டதும் ஆயுதப் பொறுப்பாளரிடமே திருப்பிக் கொடுங்கள். மேசை மேல் வைக்கக் கூடாது, நண்பரிடம் நீட்டவும் கூடாது.

உடம்பை விடக் குரல் சீக்கிரம் போகும். கரகரப்புக்காகத் தொண்டையை இறுக்கிப் பேசுபவர்களுக்குக் குரல் நாணில் காய்ப்பு வரும். ஆழம் வேண்டுமானால் மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, சத்தத்தைக் குறைத்து, சொல்லை மெதுவாக விடுங்கள். கத்தும் வசனங்களை அன்றைய படப்பிடிப்பின் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முகத்துக்கு வருவோம். புருவத்தை நெரிப்பது, பல்லைக் கடிப்பது, மூக்கை விடைப்பது மூன்றையும் ஒரே குளோசப்பில் செய்தால் குழந்தைகள்கூடப் பயப்பட மாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடுங்கள். நம்பியார் கைகளைப் பிசைந்தால் போதும், அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்று கொட்டகைக்குத் தெரியும். வசனம் பேசும்போது கண்ணிமைப்பதைக் குறைத்துப் பாருங்கள், மானிட்டரில் வித்தியாசம் உடனே தெரியும். மிரட்டும் வரியைச் சொல்லும்போது கை கால் எதுவும் அசையாமல் இருக்கட்டும். அசைவை வரிக்கு முன்போ பின்போ வையுங்கள்.

சண்டை முடிந்த பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆறு பேரை அடித்தவர் மூச்சு வாங்காமல் நின்று பேசினால் முன்னே நடந்ததெல்லாம் வீண். எந்த முஷ்டியில் தோல் உரிந்தது, எந்தக் கன்னத்தில் வீக்கம், சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்தது என்று ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த காட்சியை மூன்று வாரம் கழித்து எடுப்பார்கள், அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

வேடங்களின் வரிசையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், 1951-ல் படங்களில் தலைகாட்டத் தொடங்கினார். அமெரிக்காவில் பெரிய நாயகனாக அவர் நிலைபெற்றது 1974-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. இடைப்பட்ட வருடங்களில் துணை வேடங்களும் ஐரோப்பியப் படங்களும் அவரைத் தாங்கின. இன்னொரு ஹாலிவுட் நடிகரான லீ மார்வின் 1944-ல் சைபான் தீவுப் போரில் காயம்பட்ட அமெரிக்க மரைன் படை வீரர், ஐம்பதுகளின் படங்களில் பெரும்பாலும் வில்லனாக அறியப்பட்டவர். அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது 1965-ல் வந்த ஒரு நகைச்சுவைப் படம். அதில் குடிகாரத் துப்பாக்கி வீரனாகவும் கொடூரக் கொலைகாரனாகவும் இரட்டை வேடம். வாய்ப்புக்காகக் கொடுக்கும் ஷோரீலை, அதாவது நீங்கள் நடித்த காட்சிகளின் தொகுப்பைத் தயாரிக்கும்போது இதை மனதில் வையுங்கள். இரண்டு நிமிடம் போதும். அதில் சண்டை முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம், அதுவும் நீங்கள் அடி வாங்கும் துண்டு ஒன்றாவது இருக்கட்டும். மீதியில் அமைதியாகப் பேசும் ஒரு காட்சி, சிரிக்க வைக்கும் ஒரு காட்சி. முகம் சரியாகத் தெரியாத ரோப் ஷாட்டுகளை (கயிற்றில் கட்டித் தூக்கி எடுப்பவை) எவ்வளவு ஆசையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நடிகரைத் தேர்ந்தெடுப்பவர் அதில் ஸ்டண்ட் மாஸ்டரின் திறமையைத்தான் பார்ப்பார்.