10,000 ரூபாய்க்குள் முதல் மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கோ முதன்முதலாக மானிட்டர் வாங்கும்போது, ஒதுக்கி வைத்திருக்கும் பணம் பெரும்பாலும் 10,000 ரூபாயைத் தாண்டுவதில்லை. அந்தத் தொகைக்கு நல்ல மானிட்டர் கிடைக்கவே செய்கிறது. ஆனால் அதே கடையில் அதே விலைக்குக் கண்ணை வருத்தும் மானிட்டரும் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. நாள்தோறும் பல மணி நேரம் எழுத்தைப் படிக்கப் போகும் கண்ணுக்கு எது வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினால்தான் போட்ட பணம் பயன்படும்.

திரையின் அளவையும் ரெசல்யூஷனையும், அதாவது படத்தை உருவாக்கும் பிக்சல் என்ற புள்ளிகளின் எண்ணிக்கையையும், சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்த விலையில் வரும் மானிட்டர்களில் பெரும்பாலானவை 1920×1080 பிக்சல் கொண்டவை. 21.5 அங்குலமானாலும் 27 அங்குலமானாலும் பிக்சல்களின் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால், திரை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகிறது. 21.5 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 102 பிக்சல்களும், 23.8 அங்குலத்தில் சுமார் 93-ம், 27 அங்குலத்தில் சுமார் 82-ம் அமைகின்றன. ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு சட்டென்று தெரியும்: சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதும், ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்து தோன்றுவதும் பிக்சல் நெருக்கம் குறைந்த திரையில்தான். ஆகவே 1920×1080 என்றால் 24 அங்குலம் என்று விற்கப்படும் 23.8 அங்குலத் திரையோடு நின்றுவிடுவது நல்லது. மேசை சிறியதென்றால் 21.5 அங்குலமும் குறையில்லாதது. 27 அங்குலம் வேண்டுமென்றால் அதற்குப் பொருத்தமான ரெசல்யூஷன் 2560×1440. அது பெரும்பாலும் இந்தப் பட்ஜெட்டுக்கு மேலே போய்விடும். இன்னும் சில கடைகளில் இருக்கும் 1366×768 திரைகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அகலமான ஒரு எக்செல் தாளைக்கூட அவற்றில் முழுமையாகப் பார்க்க முடியாது.

அடுத்தது பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைத் தகடு. என் கணக்கில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். விலை குறைந்த மானிட்டர்களில் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்ற மூன்று வகைகள் வருகின்றன. டிஎன் பேனலை நேர் எதிரே அமர்ந்து பார்த்தால் குறை தெரியாது. நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்தால் மேல்பாதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பாதி வேறு நிறமாகவும் மாறும். விஏ பேனலின் கறுப்பு ஆழமானது. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1 என்றால், விஏ-யில் 3000:1 அளவுக்குக் கிடைப்பதால் இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவருக்கு அது பிடிக்கும். ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை வேகமாக நகர்த்தும்போது மலிவான விஏ திரைகளில் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடுவதைக் காணலாம். படிப்பு, எழுத்து, அலுவலக வேலை, நிறம் சார்ந்த சிறு வேலைகள் ஆகியவற்றுக்கு ஐபிஎஸ் பேனலையே பரிந்துரைக்கிறேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாததால், ஒரே திரையை இருவர் பார்க்கும் வீட்டுக்கு அதுவே பொருந்தும். ‘எல்இடி மானிட்டர்’ என்று பெட்டியில் போட்டிருப்பது பேனல் வகையைச் சொல்வதன்று. எல்சிடி திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு எல்இடி என்பதே அதன் பொருள். மூன்று வகைப் பேனல்களும் அந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. கடைக்காரரிடம் பேனல் வகையைக் கேட்டுத் தெளிவான விடை வராவிட்டால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் தவிர்க்க வேண்டிய எண்களும் உண்டு. கோடிக்கணக்கில் காட்டப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட், காட்சிக்கேற்பப் பின்விளக்கைக் கூட்டிக் குறைத்து வரவழைத்த கணக்கு, வேலைக்கு உதவாது. திரையின் வேகத்தைக் காட்டப் போடும் ‘1 மில்லி வினாடி’ என்பதும் பல மாடல்களில் பின்விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்து பெறும் அளவுதான். வெளிச்சம் 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) மட்டுமே உள்ள திரையில், மிகப் பிரகாசமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும் எச்டிஆர் என்று போட்டிருந்தால், அது அந்த சிக்னலை ஏற்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைச் சொல்லும் ரெஃப்ரெஷ் ரேட் அப்படியன்று: இந்த விலையிலேயே 100 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் வந்துவிட்டதால், மற்றவை சமமாக இருக்கும்போது 60-ஐ விட்டு 100-ஐ எடுக்கலாம், பக்கத்தை உருட்டிப் படிப்பது இதமாக இருக்கும்.

பலரும் கடைசியில் பார்ப்பது ஸ்டாண்ட். கழுத்து வலி அதிலிருந்தும் தொடங்கக்கூடும். மலிவான ஸ்டாண்டுகள் முன்னும் பின்னும் சாயுமே தவிர உயராது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும், கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளமாவது இடைவெளி வேண்டும். உயராத ஸ்டாண்டுக்கு அடியில் உறுதியான பலகை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் பின்னாளில் மேசையோடு இணைத்து மானிட்டரைத் தாங்கும் கை பொருத்த, முதுகுப் பக்கம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் தேவை. சில மலிவு மாடல்களில் அவை இருப்பதில்லை. ஜன்னலுக்கு எதிரே மேசை போட்டிருப்பவர்கள் பளபளப்பான திரையைத் தவிர்த்து மேட் பூச்சுள்ளதையே கேட்க வேண்டும்.

புறப்படும் முன் உங்கள் கணினியின் பின்புறத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியில் விஜிஏ மட்டும் இருந்தால், விஜிஏ போர்ட் உள்ள மானிட்டராகப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், எழுத்து கூர்மையாக வரும். லேப்டாப்பில் யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதன் வழியே படம் வந்துவிடாது. அந்த வசதி அந்த மாடலில் உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் 32 அங்குல டிவியை மானிட்டராக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 1366×768 டிவியானால் ஓர் அங்குலத்துக்கு 49 பிக்சல்தான் வரும், எழுதிப் படிக்க அது போதாது.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்குபவருக்கு, திரையை எரியவிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. கடையில் ஓடும் விளம்பர வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை அந்தத் திரையில் திறக்கச் சொல்லுங்கள். ரெசல்யூஷன் அந்தத் திரைக்குரிய 1920×1080-இல்தான் இருக்கிறதா என்று பார்த்தபின் எழுத்தைப் படியுங்கள். பிறகு எழுந்து நின்றும், குனிந்து கீழிருந்தும் பாருங்கள். அடுத்து வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். பேனா தொடர்ச்சியான மங்கலாகத் தெரியாமல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால், பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது என்று பொருள். தலைவலி எளிதில் வருபவர்கள் அந்த மாடலை விட்டுவிடலாம்.

அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டி வரும் பழைய மானிட்டர்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலக வரிசைகளில் ஐபிஎஸ் பேனலும் உயர்த்தித் தாழ்த்தும் ஸ்டாண்டும் பரவலாக இருப்பதால், பாதி விலைக்குப் புதியதைவிட வசதியானது கிடைக்கக்கூடும்; 1920×1200 பிக்சல் உள்ளது சிக்கினால் படிப்பவருக்கு அது மிக நல்லது. முழு வெளிச்சத்தில் வைத்தும் வெள்ளை மங்கி மஞ்சளாகத் தெரிந்தாலோ, போட்டவுடன் மங்கலாக இருந்து சில நிமிடம் கழித்துப் பிரகாசமானாலோ வேண்டாம். பின்னது எல்இடிக்கு முந்தைய குழல்விளக்குத் தலைமுறை.

புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் மாடல் எண் எழுதிய வாரண்டியும் கையில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு டெட் பிக்சல்களுக்கு (வேலை செய்யாத புள்ளிகளுக்கு) பல நிறுவனங்கள் திரையை மாற்றித் தருவதில்லை. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் காட்டி மாறாத புள்ளி ஏதும் உண்டா என்று தேடுங்கள். அறையை இருட்டாக்கிக் கறுப்புத் திரையில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதால், டிஸ்ப்ளே அமைப்புக்குள் சென்று 100 என்று மாற்ற வேண்டும். வெளிச்சம் தொழிற்சாலையிலிருந்து மிக அதிகமாக வைக்கப்பட்டு வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றும் வரை குறைத்துக்கொள்ளுங்கள்.