புதிய எம்5-க்காகக் காத்திருந்தவர்கள் செய்த தவறுகள்

2024 ஜூன் கடைசியில் பிஎம்டபிள்யூ தன் புதிய எம்5 செடானை வெளியிட்டது. காரின் முகத்தை யாரும் ஆற அமரப் பார்ப்பதற்குள் ஓர் எண் முந்திக்கொண்டு ஓடியது: 2,435 கிலோ. முந்தைய எம்5-ஐவிட 500 கிலோவுக்கு மேல் கூடுதல். "இது செடானா, சரக்கு வண்டியா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் காரின் சக்கரம் உருண்டதைக்கூட அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

ஆண்டுக்கணக்கில் ஒரு காருக்காகக் காத்திருப்பவனுக்கு அதை நிதானமாக எடைபோடும் பொறுமை இருப்பதில்லை. வேகமான சொகுசு செடான்களின் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருந்த கூட்டத்தில் இருபது ஆண்டுகளாக நானும் இருக்கிறேன். நானும் பிறரும் திரும்பத் திரும்பச் சறுக்கிய இடங்களை இங்கே சொல்கிறேன்.

எடையிலிருந்தே தொடங்கலாம். அந்த எண் பொய்யல்ல. ஆனால் கார் எடையை ஐரோப்பாவில் இரண்டு விதமாகக் குறிப்பிடுவார்கள். ஓட்டுநர் இல்லாமல் அளப்பது ஜெர்மானியத் தரமுறை. ஓட்டுநருக்கும் சிறு பைக்குமாக 75 கிலோவைச் சேர்த்துச் சொல்வது ஐரோப்பிய ஒன்றிய முறை. அதே எம்5 முதல் கணக்கில் 2,435 கிலோ, இரண்டாவது கணக்கில் 2,510 கிலோ. பழைய காருக்கு ஒரு முறையையும் புதிய காருக்கு இன்னொரு முறையையும் எடுத்து ஒப்பிட்டவர்கள், இல்லாத 75 கிலோவுக்கும் சேர்த்துக் கோபப்பட்டார்கள்.

குதிரைத்திறனிலும் இதே குழப்பம் நடந்தது. ஐரோப்பாவில் 727, அமெரிக்காவில் 717 என்றதும், அமெரிக்கர்களுக்குத் திறன் குறைந்த கார் போகிறது என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஐரோப்பியர்கள் எண்ணுவது மெட்ரிக் குதிரை, அமெரிக்கர்கள் எண்ணுவது சற்றே பெரிய குதிரை. எஞ்சின் ஒன்றேதான்.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார் அது. அதில் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 585 குதிரைத்திறன் தருகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மின்மோட்டார் 197. கூட்டினால் 782 வருகிறது. நிறுவனமோ 727 என்கிறது. மிச்சம் 55 எங்கே போனது? எங்கும் போகவில்லை. எஞ்சினும் மோட்டாரும் ஒரே சுழற்சி வேகத்தில் தங்கள் உச்சத்தைத் தொடுவதில்லை. இரண்டும் ஒரே தண்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். மெர்சிடீஸின் வேகக் கார் பிரிவான ஏஎம்ஜி தந்த சி63-ஐ எடுத்துக்கொண்டால் எஞ்சின் 476, மோட்டார் 204, மொத்தம் 680 என்று கூட்டல் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே மோட்டார் தனியாகப் பின் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த 204 பத்து விநாடிதான். தொடர்ச்சியாக அது தருவது அதில் பாதிக்கும் குறைவு. எனவே ஹைபிரிட் காரின் மொத்தத் திறனைப் படிக்கும்போது மோட்டார் எங்கே இருக்கிறது, எத்தனை விநாடி அந்த உச்சத்தில் நிற்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் கையில் இருப்பது விளம்பர வாசகம் மட்டுமே.

இவ்வளவும் சொன்னதால் எடையை நான் மன்னித்துவிட்டேன் என்று பொருளல்ல. 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முந்தைய எம்5-இன் கூடுதல் திறன் வகையான காம்பெடிஷனுக்கு 3.3 விநாடி போதும், புதியதற்கு 3.5 வேண்டும். நூறு குதிரைக்கு மேல் கூடியும் கார் மெதுவாகியிருக்கிறது. பிரேக்கும் டயரும் அந்தக் கூடுதல் எடைக்கான கூலியைக் கொடுத்தே தீரும். குறை இருக்கிறது. அந்தக் குறையைச் சரியான எண்ணோடு சொல்லலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

பேட்ஜை நம்பி ஏமாறுவது

சி63 என்ற பெயரைக் கேட்டதும் ரசிகனின் காதில் வி8 உறுமுகிறது. 2022 செப்டம்பரில் புதிய சி63 வந்தபோது அதற்குள் இருந்தது 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் பேசினார்கள். சரி, அந்த 63 எதைக் குறிக்கிறது? 2000-களின் கடைசியில் வந்த சி63-இல் இருந்த எஞ்சின் 6,208 கன சென்டிமீட்டர், அதாவது 6.2 லிட்டர். அப்போதே 63 என்பது கொஞ்சம் மிகைதான். அடுத்த தலைமுறையில் எஞ்சின் 4.0 லிட்டராகச் சுருங்கியது, எண் மாறவில்லை. அன்றைக்கு யாரும் பெரிதாக ஒப்பாரி வைக்கவில்லை, ஏனென்றால் எட்டு சிலிண்டர்கள் மிச்சமிருந்தன. இரண்டு லிட்டர் எஞ்சின்மீதும் 63 ஒட்டப்பட்டபோது அந்த எண் எஞ்சின் அளவோடு உறவை முறித்துப் பல காலம் ஆகியிருந்தது.

நான்கு சிலிண்டர் எஞ்சினோடு பின் அச்சில் மின்மோட்டாரைச் சேர்க்கும் திட்டத்தை ஏஎம்ஜி 2021-லேயே வெளிப்படையாக விளக்கியிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை. "கடைசி நேரத்தில் மாற்றிவிடுவார்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஒரு புதிய காரின் எஞ்சின், பேட்டரி, கியர்பாக்ஸ் ஆகியவை வெளியீட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே முடிவாகிவிடுகின்றன. மோதல் சோதனையும் மாசு அளவுச் சான்றும் அதை வைத்தே நடக்கின்றன. கடைசி மாதத்தில் மாறக்கூடியது விலையும் இருக்கைத் தோலின் நிறமும்தான்.

எனினும், முதலில் வந்ததைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதுவதும் தவறு. 2019-இல் கேடிலாக் நிறுவனம் சிடி5-வி, சிடி4-வி என்ற இரு செடான்களைக் காட்டியது. முந்தைய சிடிஎஸ்-வியில் 640 குதிரைகள் இருந்தன. சிடி5-வியில் ஏறத்தாழ 360. சிடி4-வியில் இன்னும் குறைவு. அமெரிக்க ரசிகர்கள் கேடிலாக்கின் கதை முடிந்தது என்றார்கள். 2021-இல் அதே கார்கள் பிளாக்விங் என்ற பெயரில் வந்தன. பெரியதில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, 668 குதிரைத்திறன், ஆறு வேக மேனுவல் கியர். 'வி' என்ற எழுத்து முன்பு உச்சிப்படியைக் குறித்தது. இப்போது அதை நடுப்படிக்கு இறக்கி, உச்சிக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்துகளை வைத்துச் சாதகம் கணித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் வீணாக அழுதார்கள்.

லெக்ஸஸ் ஐஎஸ் செடான் ரசிகர்களின் கதை இதற்கு நேர்மாறானது. 2020-இல் வந்த ஐஎஸ், வெளித்தகடு பெரும்பாலும் புதிதாக வந்தது. புதிய தலைமுறை என்றே பலர் கொண்டாடினார்கள். அடியில் இருந்தது 2013-இல் வந்த அதே அடித்தளம். வாசல் கோலம் புதிது, வீடு பழையது. அதில் தவறொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு அதே உடம்பில்தான் 5.0 லிட்டர் வி8 வைத்த ஐஎஸ்500 வந்தது. ஆனால் எந்தக் காரிலும் கண்ணாடியும் கூரைக்கோடும் கதவுச் சட்டமும் மாறாமல் முகமும் வாலும் மட்டும் மாறியிருந்தால், பழைய விலையில் பேரம் பேச வேண்டிய கார் அது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஒளிவுப் படங்களில் அழகு தேடுவது

சுவீடனின் ஆர்யெப்லோக் ஊரில் உறைந்த ஏரிகளின் மேலும், ஜெர்மனியின் 20.8 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையிலும் இன்னும் வெளியிடப்படாத சோதனைக் கார்கள் ஓடும். புகைப்படக்காரர்கள் ஒளிந்து காத்திருந்து படம்பிடிப்பார்கள். காரின் மேல் கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டியிருக்கும். அந்தச் சுழி அலங்காரமல்ல; மேடு பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் செய்வதே அதன் வேலை. அதன் கீழே பொய்த் தகடுகளும் தற்காலிக விளக்குகளும் இருக்கும். அந்தப் படத்தை வைத்து ஒருவர் கணினியில் வரைவார். அந்த வரைபடத்துக்கு நாம் மயங்குவோம். பிறகு உண்மையான கார் வந்து, வரைந்தவரின் கற்பனையோடு ஒத்துப்போகவில்லை என்று திட்டு வாங்கும். பெண்ணைப் பார்க்காமல் தரகர் வர்ணனையை நம்பிக் கல்யாணம் பேசியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2020-இல் பிஎம்டபிள்யூ எம்3-இன் நெடிய மூக்கு வெளியானபோது எழுந்த கேலி பலருக்கும் நினைவிருக்கும். அதில் கேமராவுக்கும் பங்குண்டு. அகலக்கோண லென்ஸை முகத்துக்கு அருகில் வைத்து எடுத்தால் எந்தக் காரின் கிரில்லும் வாய்பிளந்த முதலைதான். சாலையில் பத்து அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு அது உறுத்தவில்லை. பிடிக்கவும் இல்லை என்பது வேறு விஷயம். கிறிஸ் பேங்கிள் பிஎம்டபிள்யூவின் வடிவமைப்புத் தலைவராக இருந்தபோது 2001-இல் வந்த 7 சீரிஸுக்காக அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. அன்று திட்டு வாங்கிய அந்தக் காரின் டிக்கி மூடி பிறகு எத்தனை நிறுவனங்களின் கார்களில் தலைகாட்டியது என்று எண்ணிப் பாருங்கள்.

பழையதைத் திரும்பக் கேட்பது

நான் செய்தவற்றில் பெரிய தவறு இது. எம்5 என்றால் எனக்கு 1998-இல் வந்த, இ39 என்ற குறியீடு கொண்ட தலைமுறைதான். 4.9 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன், மேனுவல் கியர் மட்டும். அதற்குப் பின் வந்த ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டே குறை சொன்னேன். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு எம்5-களிலும் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. பந்தயக் கார் வழிவந்த எஞ்சின் அது. இரண்டையும் பெரும்பாலும் கையால் கட்டினார்கள். இ39 மற்ற 5 சீரிஸ்களோடு டிங்கால்ஃபிங் ஆலையின் வரிசையில் உருண்டு வந்தது. பழைய ஆறு சிலிண்டர் பக்தர்களின் கணக்கில் என் ஆதர்சக் காரே ஒரு சமரசம்.

அதன்பின் நிமிடத்துக்கு 8,250 சுழற்சி வரை பாடிய வி10 வந்தது, பின்பு டர்போ வி8, பின்பு நான்கு சக்கர இயக்கம், இப்போது பேட்டரி. 1980-களின் நடுவில் 286 குதிரையோடு தொடங்கிய இந்தப் பெயர், ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையிலும் முந்தைய ரசிகனின் மனத்தைக் காயப்படுத்தியே வளர்ந்திருக்கிறது. இ39 வேண்டுமென்றால் இ39-ஐத் தேடிப் போக வேண்டும். புதிய காரிடம் போய் அதைக் கேட்பது, தன் முதல் காதலியின் பெயரைச் சொல்லி மனைவியைக் கூப்பிடுவதுபோல.

கேட்டதைக் கொடுத்தாலும் கதை சுபமாக முடிவதில்லை. வி10 எம்5-க்கு அமெரிக்க ரசிகர்கள் மேனுவல் கியர் வேண்டும் என்று நின்றார்கள். நிறுவனம் பின்னர் கொடுத்தது. ஆனால் அந்தக் காரின் மின்னணு மூளை தானியங்கிக் கிளட்ச் கியர்பாக்ஸை மனத்தில் வைத்துப் பின்னப்பட்டது. மேனுவல் அதில் ஒட்டுச் செடியாகவே இருந்தது.

பணம் கைமாறும் இடத்தில்

இங்கிருந்து காத்திருப்பவர்கள் டாலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறார்கள். வெளியானபோது அமெரிக்காவில் புதிய எம்5 ஏறத்தாழ 1,20,000 டாலர். அப்போதைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய். 2024 நவம்பரில் இந்தியாவில் அது வந்தபோது ஷோரூம் விலை 1.99 கோடி. முழுதாக இறக்குமதியாகும் காருக்கு அப்போது சுங்கவரி அப்படித்தான் இருந்தது. அதன்மேல் சாலை வரி, காப்பீடு. அதே நிறுவனத்தின் எம்340ஐ செடான் சென்னை அருகே மகேந்திரா சிட்டி ஆலையில் பூட்டப்படுகிறது. அப்போது அதன் விலை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். நம் சாலைகளில் அதன் திறனையே முழுதாகச் செலவழிக்க முடியாது. கனவுக் காரை எண்ணிக்கொண்டே, ஓட்டக்கூடிய காரை ஓட்டாமல் வயதாகிவிட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

நான் இன்னொரு மடத்தனமும் செய்தேன். புதிய தலைமுறை வந்தால் பழையதன் மதிப்பு விழுந்துவிடும் என்று பயந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் காரை முன்கூட்டியே விற்றேன். வெளியீடு தள்ளிப்போனது. பதினொரு மாதம் வாடகைக் காரில் அலைந்தேன். என் காரை வாங்கியவர் இன்றும் அதை ஓட்டுகிறார். சிக்னலில் ஒருமுறை பார்த்தேன், பளபளவென்று வைத்திருந்தார்.

முதல் ஆண்டுத் தயாரிப்பில் அவசரப்படாதீர்கள் என்பது பழைய அறிவுரை. அதற்கு ஆதாரம் உண்டு: இ46 தலைமுறை எம்3-இன் தொடக்க காலக் கார்களில் எஞ்சின் பேரிங்குகளை நிறுவனமே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. ஒரு வருடம் பொறுத்தால் பழுதின் போக்கு தெரிந்துவிடும், விலையிலும் கொஞ்சம் இளக்கம் வரும்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். பேட்டரி நிறைந்திருக்கும்போதுதான் காரைத் தருவார்கள். சார்ஜ் தீர்ந்த நிலையில் அதே கார் எப்படி இழுக்கிறது என்று கேட்டு ஓட்டிப் பாருங்கள், 6.1 கிலோவாட்-மணி பேட்டரி வைத்த சி63 போன்றவற்றில் இது கட்டாயம். பின் இருக்கையில் வீட்டாரை உட்கார வையுங்கள். இறங்கியதும் டிக்கியைத் திறந்து பாருங்கள். மோட்டாரும் பேட்டரியும் பின்னால் போன கார்களில் அங்கே கணிசமான இடத்தைக் காணோம்.