ஆண்ட்ராய்டு 15-இல் உங்கள் செயலி சரியாக ஓடுமா? கணினியிலேயே பார்த்துவிடலாம்

ஆண்ட்ராய்டு 15 கைபேசி இல்லையே என்று செயலியைச் சோதிக்காமல் வெளியிட்டுவிடாதீர்கள். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜரில் எமுலேட்டர், அதாவது கணினியிலேயே ஓடும் மெய்நிகர் கைபேசி, ஒன்றைச் சேர்த்து, ஏபிஐ 35 (ஆண்ட்ராய்டு 15-இன் எண்) சிஸ்டம் இமேஜை, அதாவது இயங்குதளக் கோப்பைத் தரவிறக்கினால் போதும். கோப்பு பெரியது, வைஃபையில் இறக்குங்கள். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) அணைந்திருந்தால் எமுலேட்டர் கிளம்பாது, கிளம்பினாலும் தவழும்.

முதலில் திரையின் மேல், கீழ் விளிம்புகளைப் பாருங்கள். டார்கெட் எஸ்டிகே (செயலி எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று சொல்லும் எண்) 35 வைத்த செயலி இந்தப் பதிப்பில் தானாகவே திரை முழுக்க விரியும். விளிம்புகளில் இடம் விடாவிட்டால் தலைப்பு கடிகாரத்தோடு மோதும். அடியில் இருக்கும் ‘சேமி’ பொத்தான் நேவிகேஷன் பட்டைக்குள் (கீழே பின்செல், முகப்பு பொத்தான்கள் இருக்கும் பட்டை) சிக்கிக்கொள்ளும், பயனரால் அழுத்தவே முடியாது. அமைப்புகளில் சைகை முறை, மூன்று பொத்தான் முறை இரண்டையும் மாற்றிப் பாருங்கள். மூன்று பொத்தானில்தான் குறை பளிச்சென்று தெரியும். எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். பெரியவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏதாவது விசித்திரமாக நடந்தால் நிரலைத் தோண்டுமுன் எமுலேட்டரைக் கோல்டு பூட் செய்யுங்கள், அதாவது முழுதாக அணைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். எமுலேட்டர் வழக்கமாகப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் (கடைசியாகச் சேமித்த நிலையிலிருந்து) எழும். கேமராத் தரம், பேட்டரிச் செலவு இரண்டுக்கும் நிஜக் கைபேசிதான் வேண்டும்.